தின்பதும் பூசுவதும்

மயிலாப்பூர் கச்சேரி சாலையில் இருக்கிறது டப்பா செட்டி கடை. தீபாவளி நெருங்கும்போது நாட்டு மருந்துக் கடைகளில் எப்படிப்பட்ட சீட்டுகள் வரும் என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும். லேகியத்துக்குச் சுக்கு, மிளகு, அரிசித்திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம். அதே சீட்டின் கீழ்ப்பாதியில் எண்ணெய்க் குளியலுக்கான சீயக்காய், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள். பிள்ளை பெற்றவளுக்கான பத்தியச் சாமானும் குழந்தையைக் குளிப்பாட்டும் பொடியும்கூட ஒன்றாகவே கட்டப்படுகின்றன. வயிற்றுக்குள் போவதும் உடம்பில் தேய்ப்பதும் ஒரே அலமாரியிலிருந்து இறங்கி வருவதால், நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை அசையாமல் நிற்கிறது: வாயில் போடக்கூடியதை முகத்தில் போட்டால் என்ன ஆகிவிடும்?

இந்த நம்பிக்கையில் பாதி சரி. மீதிப் பாதி தவறு, சில சமயம் ஆபத்தும்கூட. எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். முதல் சோதனையை மஞ்சளை வைத்தே செய்துவிடலாம்.

வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்தி, அந்த இடத்தில் சோப்பைத் தேய்த்தவர்களுக்கு இது தெரியும். மஞ்சள் கறை சட்டென்று ரத்தச் சிவப்பாகும். அலசி உலர்த்தினால் மறுபடி மஞ்சளாகும். வெயிலில் போட்டால் மெல்ல வெளுத்துவிடும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் அமிலத்தில் மஞ்சளாகவும் காரத்தில் சிவப்பாகவும் தெரியும். ஆரத்தித் தட்டில் மஞ்சள்நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதும், மஞ்சளும் காரமும் சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே வேதியியல்தான். ஒரு காகிதத் துண்டை மஞ்சள் கரைசலில் தோய்த்துக் காயவைத்துக்கொள்ளுங்கள். அதில் குளியல் சோப்பின் கரைசலை ஒரு சொட்டு விட்டால் சிவக்கும். தயிரோ, சீயக்காய்த் தண்ணீரோ, புளித்த இட்லி மாவோ விட்டால் மஞ்சள் அப்படியே இருக்கும்.

இந்த வேறுபாடு தோலுக்கு ஏன் முக்கியம்? ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு இலேசான அமிலம். அதன் பி.எச். அளவு 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் இருக்கும். ஜெர்மனியின் ஷாடே, மார்க்கியோனினி என்ற இரு மருத்துவர்கள் 1928-ல் இதை அமிலப் போர்வை என்று விவரித்தார்கள். வியர்வையிலுள்ள லாக்டிக் அமிலம், தோலெண்ணெய் உடைந்து வரும் கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சேர்ந்து அந்தப் புளிப்பைத் தருகின்றன. தோலின் மேலடுக்கைக் கட்டும் நொதிகள் அந்தப் புளிப்பில்தான் வேலை செய்யும். காரம் ஏறினால் அவை சோர்ந்துவிடும். செல்களைப் பிணைத்திருக்கும் கண்ணிகளை அறுக்கும் வேறு நொதிகள் விழித்துக்கொள்ளும். சாதாரண சோப்பின் பி.எச். 9 அல்லது 10. ஒருமுறை குளித்தால் தோல் சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நாளுக்கு மூன்று தடவை சோப்பு போட்டு முகம் கழுவுகிறவரின் தோலுக்குத் திரும்பிவர நேரமே கிடைப்பதில்லை.

இதில் நம் சமையலறை தற்செயலாகத் தோலின் பக்கம் நிற்கிறது. இரவில் கரைத்து வைத்த இட்லி மாவில் லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா பெருகி, காலைக்குள் பி.எச். அளவை 4.5 அருகே கொண்டுவந்துவிடும். தயிரும் ஏறக்குறைய அதே புளிப்புதான். தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலம் வியர்வையிலும் இருக்கிறது என்பதைச் சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும்: தோல் தானே தயாரிக்கும் ஒரு பொருளைத்தான் தயிர் பூசுகிறவர் மேலிருந்து தருகிறார். 1974-ல் அமெரிக்காவில் வான் ஸ்காட், யூ என்ற இருவர் இதே குடும்பத்து அமிலங்களைக் கொண்டு செதில் செதிலாக உரியும் தோல்நோய்க்கு மருந்து கண்டார்கள். இன்று தி.நகர் கடைகளில் சிறு புட்டிகளில் விற்கப்படும் பல முகச்சீரங்களின் அடிப்படை அதுதான். வீட்டுத் தயிரில் அது 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் பலனும் மெல்லியதே. ஆனால் பலன் உண்மையானது. வறண்ட கை, கால்களுக்குப் பத்து நிமிடம் தயிர் தடவிக் கழுவுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

சீயக்காயின் கதையும் இப்படித்தான். அதிலுள்ள சபோனின்கள் நுரைத்து எண்ணெய்ப் பசையை எடுக்கும், காரத்தை ஏற்றாது. ஆழ்குழாய் நீரை நம்பியிருக்கும் வீடுகளில் இதற்கு இன்னொரு மதிப்பும் உண்டு. கடின நீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து வழுவழுப்பான வெண்படிவமாகத் தோலிலும் வாளியிலும் ஒட்டிக்கொள்ளும். சபோனின் அந்த நீரிலும் நுரைக்கும்.

புளிப்பு நல்லது என்றால் எலுமிச்சை இன்னும் நல்லதா என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லும் முன் தோலின் சுவரைப் பார்த்துவிட வேண்டும்.

தோலின் மேலடுக்கு சுமார் 15 அடுக்கு இறந்த செல்களால் ஆனது. மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, அல்லது அதிலும் பாதி. செல்கள் செங்கற்கள், அவற்றுக்கிடையே உள்ள செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் சேர்ந்த பூச்சு சுண்ணாம்புச் சாந்து என்று கலிஃபோர்னியாவின் பீட்டர் இலையாஸ் காட்டினார். இந்தச் சுவர் வழியே எது புகும், எது புகாது என்பதற்கு நெதர்லாந்தின் போஸ், மைனார்டி இருவரும் 2000-ல் ஓர் எளிய கணக்குச் சொன்னார்கள். மூலக்கூறு எடை 500 டால்டனைத் தாண்டினால் நல்ல தோல் வழியாக உள்ளே போவது மிகக் கடினம்.

இந்தக் கணக்கை ஒரு பொருளுக்குப் பொருத்திப் பார்ப்போம். கொலாஜன் என்ற புரதத்தின் எடை சுமார் 3,00,000 டால்டன். ‘கொலாஜன் கலந்தது’ என்று விற்கும் பூச்சுகளில் அது தோலின் மேலே ஈரம் பிடித்து நிற்கும். உள்ளே போய்த் தோலை இறுக்குவது அதனால் முடியாத காரியம்.

கொலாஜனைப் பற்றிச் சென்னைக்காரர்கள் இன்னும் அதிகம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. தோலின் உள்ளடுக்கில் நீரை நீக்கினால் மிஞ்சும் எடையில் முக்கால் பங்கு அதுதான். அதன் வடிவத்தை உலகுக்குச் சொன்னது இந்த ஊர். ஜி. என். ராமச்சந்திரன் 1952-ல் முப்பது வயதில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமைக்கு வந்தார். சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனுக்கு இதுவரை சொல்லப்பட்ட வடிவம் எதுவும் திருப்தியாக இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். மாதிரிப் பொருளுக்கு அவர் வெகுதூரம் தேட வேண்டியிருக்கவில்லை. 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் இருந்தது. கங்காருவின் வால் தசைநார் அங்கிருந்து கிடைத்தது. அதன்மேல் எக்ஸ்-கதிரைச் செலுத்திக் கிடைத்த படங்களிலிருந்து அவரும் கோபிநாத் கர்த்தாவும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஒரே கயிறாகின்றன. அந்தச் சுற்றலுக்கு இடம் வேண்டும் என்பதால் ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடத்தில் எப்போதும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் அமர்ந்திருக்கிறது. 1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் அதன் முதல் வடிவம் வெளிவந்தது. விவரங்களில் கேம்பிரிட்ஜும் லண்டனும் திருத்தம் சொல்லின. மூன்று இழை என்ற அடிப்படை நிலைத்தது. சர்தார் படேல் சாலையில் அந்தத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்கு இன்று ‘டிரிப்பிள் ஹெலிக்ஸ்’ என்றே பெயர்.

அந்தக் கயிறு அவிழாமல் இருக்க ஒரு வேலை நடந்தாக வேண்டும். இழையிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலங்களில் பலவற்றின்மேல் ஓர் ஆக்சிஜன் அணுவும் ஹைட்ரஜனும் ஏற்றப்பட வேண்டும். அதைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி தேவை. அந்த வேலை நடக்காத கொலாஜன் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே பிரிந்துபோகும். மார்கழியின் நண்பகலில்கூட சென்னையில் அதைவிடச் சூடு இருக்கும். உடம்போ எந்நேரமும் 37 டிகிரி. நீண்ட கடற்பயணத்தில் மாலுமிகளுக்கு ஈறு ஒழுகிப் பழைய தழும்புகள் திறந்துகொண்ட ஸ்கர்வி நோய் இதுதான். ஆகவே தோலின் உறுதிக்கு எலுமிச்சையும் நெல்லிக்காயும் உதவுகின்றன என்று பாட்டி சொன்னது சரியே. அவை போய்ச் சேர வேண்டிய வழி மட்டும் வாய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் நிர்ணயித்த அளவு ஆண்களுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65. தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் வாங்கும் ஒரு பெரிய நெல்லிக்காயிலேயே அந்த அளவு கிடைத்துவிடும். எலுமிச்சை ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சாறு பிழிவது கசப்பைத் தவிர்க்கும் பழக்கம். கொதியில் வைட்டமின் சி அழிவதையும் அது குறைக்கிறது.

இனி முகத்தில் தேய்க்கும் எலுமிச்சைக்கு வருவோம். சாற்றின் பி.எச். 2-ஐ ஒட்டி இருக்கும். தோலின் 5-லிருந்து மூன்று படி கீழே என்றால் அமிலத்தின் செறிவு ஆயிரம் மடங்கு. எரிச்சல் வருவதற்கு அது போதும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. எலுமிச்சையில், அதிலும் நாம் வாங்கும் சிறு எலுமிச்சையின் தோலில், சோராலென் குடும்பத்துப் பொருள்கள் இருக்கின்றன. தோலில் பட்டு வெயிலும் பட்டால், புற ஊதாக் கதிரின் உதவியோடு அவை செல்லின் டி.என்.ஏ.வோடு பிணைந்துகொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிவந்து கொப்புளம் வரும், பிறகு மாதக்கணக்கில் கருந்திட்டு நிற்கும். முகம் வெளுக்கும் என்று எலுமிச்சை தேய்த்துக்கொண்டு பாண்டி பஜாருக்கு வெயிலில் நடந்த பெண்ணுக்குக் கிடைப்பது இந்தக் கருந்திட்டு. மாநிறத் தோலில் எந்த அழற்சியும் இப்படிக் கறுத்துத்தான் ஆறும். நிறத்தைக் குறைக்க வேண்டும் என்ற ஆசையே தேவையற்றது என்று நினைக்கிறேன். சென்னையின் வெயிலில் மெலனின் நமக்குச் செய்யும் காவல் பெரியது.

சோராலெனை நாம் அறிந்ததே ஒரு நாட்டு மருந்துச் சாமானிலிருந்துதான். நலுங்கு மாவுப் பட்டியல்கள் பலவற்றில் கார்போகரிசி என்று ஒரு கறுப்பு விதை இருக்கும். அதிலிருந்து ஜோயிஸ், மஞ்சுநாத் என்ற இந்திய வேதியியலாளர்கள் 1933-ல் சோராலெனைப் பிரித்தெடுத்தார்கள். வெண்புள்ளிக்கு அந்த விதையைப் பூசி வெயிலில் நிற்கச் சொன்னது பழைய வைத்தியம். இன்று மருத்துவமனைகளில் சோராலென் வகை மருந்து கொடுத்து, அளந்த புற ஊதா ஒளியில் நிறுத்தி வெண்புள்ளிக்கும் சோரியாசிஸுக்கும் சிகிச்சை செய்கிறார்கள். நிறத்தை வரவழைக்கும் மருந்து அது. முகம் வெளுக்கப் பூசும் பொடியில் அதைச் சேர்ப்பது முற்றிலும் நேர்மாறான செயல். வீட்டில் மாவு அரைப்பவர்கள் பட்டியலில் கார்போகரிசியை அடித்துவிடுங்கள். பயத்தம்பருப்பு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் இருந்தாலே மாவு நன்றாக இருக்கும்.

எண்ணெய்களிலும் வயிற்றுக்கு ஒரு நியாயம், தோலுக்கு ஒரு நியாயம். ஒலிக் அமிலம் நிறைந்த ஆலிவ் எண்ணெயை இதயத்துக்கு நல்லது என்கிறோம். அதே ஒலிக் அமிலம் தோலில் அந்தச் சாந்துக்குள் புகுந்து அதைக் குலைக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 2013-ல் வந்த ஆய்வில், கையில் தடவிய ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பைப் பலவீனப்படுத்தியது. லினோலிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. தேங்காய் எண்ணெயில் ஒலிக் அமிலம் குறைவு, லாரிக் அமிலம் ஏறத்தாழப் பாதி. அந்தச் சிறிய, நேரான மூலக்கூறு தலைமுடிக்குள்ளேயே புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறது என்று மும்பையில் ரேலே, மோஹிலே இருவரும் 2003-ல் காட்டினார்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் என்ற நம் வழக்கத்துக்குச் சரியான ஆதாரம் உண்டு. முகப்பரு வருகிறவர்கள் அதை முகத்தில் தடவாதிருப்பது நல்லது.

இதுவரை சொன்னவை எரிச்சல், கருந்திட்டு போன்றவை. இனிச் சொல்லப்போவதுதான் இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியது.

ஜப்பானில் ‘சா நோ ஷிசுகு’ என்று ஒரு முகச்சோப்பு லட்சக்கணக்கான வீடுகளில் புழங்கியது. ஈரப்பதத்துக்காக அதில் கோதுமைப் புரதத்தை அமிலத்தால் சிறு துண்டுகளாக உடைத்துச் சேர்த்திருந்தார்கள். கோதுமை, அன்றாட உணவு. சில ஆண்டுகளில் விநோதமான நோயாளிகள் மருத்துவர்களிடம் வந்தார்கள். வாழ்நாள் முழுக்க ரொட்டியும் உடோன் என்ற கோதுமை நூடுல்ஸும் சாப்பிட்டவர்கள், இப்போது சாப்பிட்டுவிட்டு நடந்தால் கண் வீங்கி, மூச்சு முட்டி, சிலர் மயங்கி விழுந்தார்கள். தினமும் முகத்தில் நுரைத்துத் தேய்த்த கோதுமையை உடம்பு எதிரியாகக் குறித்துக்கொண்டிருந்தது. 2011-ல் சோப்பு திரும்பப் பெறப்பட்டது. உறுதி செய்யப்பட்ட நோயாளிகள் 2,000-க்கும் மேல். சோப்பை நிறுத்திய பிறகு பலருக்குக் குணமாயிற்று.

லண்டனின் கிடியன் லாக் இதே உண்மையைக் குழந்தைகளிடம் கண்டார். வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்பு அழற்சியுள்ள தோலில் பூசப்பட்ட குழந்தைகளுக்குப் பின்னாளில் வேர்க்கடலை ஒவ்வாமை அதிகம் என்று 2003-ல் அவர் குழு எழுதியது. 2015-ல் அதே குழுவின் இன்னொரு சோதனை, ஒவ்வாமை வரக்கூடிய 640 குழந்தைகளில் பாதிப் பேருக்குச் சிறுவயதிலேயே வேர்க்கடலையைச் சாப்பிடக் கொடுத்தது. சாப்பிட்டவர்களிடம் ஒவ்வாமை சுமார் எண்பது சதவீதம் குறைந்தது. குடல் வழியாக முதலில் அறிமுகமாகும் புரதத்தை உடம்பு உணவாக ஏற்றுக்கொள்கிறது. கிழிந்த, சிவந்த தோல் வழியாக முதலில் வந்தால் அதைக் கிருமியைப்போல் நடத்துகிறது. முழுத் தோலில் 500 டால்டன் கணக்கு காவலாக நிற்கும். சிரங்கு வந்த தோலில் சாந்து உதிர்ந்திருக்கும். அங்கே பெரிய புரதமும் நுழையும்.

பயத்தமாவிலும் கடலைமாவிலும் நிறையப் புரதம் உண்டு. நல்ல தோலுள்ள பெரியவர் அதைத் தேய்த்துக் கழுவுவதால் பயப்பட ஒன்றும் இல்லை. கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து சொறிந்துகொண்டிருக்கும் கைக்குழந்தைக்கு மாவு தேய்ப்பதை, அதுவும் அந்தப் பருப்பை இன்னும் சாப்பிட்டே அறியாத வயதில் தேய்ப்பதை, தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். பாட்டியிடம் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். சிவப்பு ஆறட்டும், மருத்துவர் சொன்ன களிம்பைப் போடட்டும். பருப்புச் சாதம் சாப்பிடும் வயது வந்ததும் பருப்பை வாயில் கொடுங்கள்.

மஞ்சளைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். காயத்தை ஆற்றும் அதன் குணத்துக்கு 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்., வேதியியலாளர் மாஷேல்கர் தலைமையில், பழைய நூல்களையும் ஆய்விதழ்களையும் அடுக்கி எதிர்த்தது. 1997-ல் காப்புரிமை ரத்தாயிற்று. அந்த வெற்றியின் பெருமையில் நாம் மஞ்சளுக்கு இல்லாத சக்தியையும் ஏற்றிவிட்டோம். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-ல் செய்த ஆய்வில், மிளகின் காரப்பொருள் சேர்ந்தபோது குர்குமின் இருபது மடங்கு அதிகமாக உடம்பில் ஏறியது. அதில் கொடுத்த குர்குமின் 2 கிராம். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம் என்றால், அவ்வளவுக்குச் சுமார் 67 கிராம் தூளைத் தின்ன வேண்டும். சாம்பாரில் போடும் கால் டீஸ்பூன் நிறத்துக்கும் மணத்துக்கும்தான். 2017-ல் மருத்துவ வேதியியல் இதழொன்றில் வெளிவந்த பெரிய மீளாய்வு, நூற்றுக்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளைப் பார்த்த பின்னும் குர்குமினை மருந்தாக நிலைநாட்டும் சான்று இல்லை என்றது. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. மஞ்சள் இல்லாத சாம்பாரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

வீட்டில் செய்துகொள்ளும் பூச்சுக்கு எந்த உருவம் பொருத்தம் என்பதைப் பழைய வழக்கமே தீர்மானித்து வைத்திருக்கிறது: காய்ந்த பொடி அல்லது எண்ணெய். இரண்டிலும் தண்ணீர் இல்லை, ஆகவே கிருமி வளர வழியில்லை. கற்றாழைச் சோறும் ரோஜாநீரும் கலந்து புட்டியில் ஊற்றி வைப்பது புதிய வழக்கம். பதப்பொருள் இல்லாத அந்தக் கலவையில் இரண்டு மூன்று நாளில் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகிவிடும். கண்ணுக்கும் மூக்குக்கும் அது தெரியும் முன்பே முகத்துக்குப் போய்விடும். நிறுவனங்கள் சேர்க்கும் பதப்பொருளைக் கண்டு அஞ்சி இதைச் செய்கிறவர்கள், எதை வைத்து எதைத் தவிர்க்கிறோம் என்று பார்க்க வேண்டும். ஊறுகாய்க்கு உப்பும் எண்ணெயும் செய்யும் காவலைத்தான் களிம்புக்கு அந்தப் பதப்பொருள் செய்கிறது.

சாமான்களை நிழலில் உலர்த்தி, மிஷினில் அரைத்து, வஸ்திரகாயம் செய்யுங்கள், அதாவது மெல்லிய துணியில் சலியுங்கள். சலிக்காத கரடு தோலைக் கீறும். ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். முதல் தடவை முன்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் குழைத்துப் போட்டுக் கழுவி, இரண்டு நாள் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் முகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். குளிக்கப் போகும்போது தேவையான இரண்டு ஸ்பூனை மட்டும் தயிரிலோ தண்ணீரிலோ குழையுங்கள். மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.